இன்புட், லூப், லிங்க்: எந்த வயர் எந்த வாசலுக்கு?

நம் சங்க விழாக்களில் மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை வைப்பது வழக்கமாகிவிட்டது. கேமராவுக்கும் திரைக்கும் நடுவே 'வீடியோ பிராஸஸர்' என்றொரு பெட்டி இருக்கும். அதன் பின்பக்கம் ஒரே அச்சில் வார்த்தது போலப் பத்துப் பன்னிரண்டு பி.என்.சி. சாக்கெட்டுகள். விழாப் பொறுப்பேற்கும் இளைஞர்கள் அதைப் பார்த்து மிரள்கிறார்கள். ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் கேபிள்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்புட் என்பது படம் உள்ளே வரும் வாசல். பக்கத்திலேயே 'லூப்' இருக்கும். ரயில்வேக்காரனுக்கு லூப் லைன் என்றால் வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பாதை; இங்கே, வந்த படத்தை அடுத்த பெட்டிக்கு அனுப்பும் வாசல். பழைய அனலாக் கருவிகளில் இரண்டும் உள்ளே நேராக இணைந்திருக்கும். கடைசிப் பெட்டியில் மட்டும் 75 ஓம் டெர்மினேட்டர் போடவேண்டும். நடுவிலும் ஒன்று போட்டால் 1 வோல்ட் சிக்னல் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து படம் மங்கும். எங்குமே போடாவிட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகி வெளுக்கும். கருவிகளை ஒரே தாளத்தில் ஓட்டும் 'ஜென்லாக்' வயருக்கு இவ்விதி இன்றும் பொருந்தும்.

எஸ்.டி.ஐ. டிஜிட்டலில் கதை வேறு. பெட்டி சிக்னலை வாங்கிச் செப்பனிட்டுப் புதிதாக அனுப்புகிறது. ஆகவே பெரும்பாலான கருவிகளில் மின்சாரம் நின்றால் லூப்பும் நின்றுவிடும். மாடி ஏற முடியாத பெரியவர்களுக்காகக் கீழே வைக்கும் டி.வி.க்கு லூப்பிலிருந்து வயர் இழுத்தால், மேலே யாராவது பெட்டியை அணைத்ததும் அவர்களுக்குக் கச்சேரி பாதியில் இருண்டுவிடும். அதற்குத் தனியாக ஒரு டிஸ்ட்ரிப்யூஷன் ஆம்ப்ளிஃபையர் வைப்பதே முறை.

குழப்பம் அதிகம் 'லிங்க்' விஷயத்தில்தான். ஒரு வயர் தாங்காத படத்தைப் பல வயர்களில் பங்கிட்டு அனுப்புவது அது. எச்.டி. எஸ்.டி.ஐ. வயர் வினாடிக்கு 1.485 கிகாபிட் சுமக்கும். வினாடிக்கு 50 முழுப் படங்கள் கொண்ட 1080 வரிப் படத்துக்கு 2.97 கிகாபிட் தேவை. அதனால் லிங்க் ஏ, லிங்க் பி என இரண்டு வயர்கள். 2006-ல் 3ஜி தரம் வந்து ஒரே வயரில் அடங்கியது. பிறகு 4கே வந்தது; நான்கு 3ஜி வயர்கள்! 2015-ல் வந்த 12ஜி அதையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் நான்கு வயர்க் கருவிகள் வாடகைக்கு இன்னும் வருகின்றன.

நான்கிலும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு வயரும் படத்தின் கால் பாகத்தைக் கொண்டுவரும். வயர் மாறினால் பாடகரின் தலை காலடியில் கிடக்கும், உடனே தெரிந்துவிடும். மற்றதில் ஒவ்வொரு வயரிலும் முழுப் படமே, புள்ளிகளைச் சலித்தெடுத்த வடிவில் வரும். இதில் வயர் மாறினால் படம் முழுசாகத்தான் தெரியும். ஓரங்கள் மட்டும் ரம்பப் பல்லாகும். ஒரு விழாவில் கலைஞர் பெயர் அப்படித் தெரிந்தபோது, வாடகைக்காரர் திரையில் பழுதென்று பேனலைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாறியிருந்தவை 2, 3 வயர்கள்!

சில கம்பெனிகள் இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஓட்டும் வாசலுக்கும் 'லிங்க்' என்றே பெயரிடுகின்றன. அதில் கேமராவைச் சொருகிப் பயனில்லை; கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வயர்களும் ஒரே ரகம், ஒரே நீளமாக, 75 ஓம் கேபிளாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் பழைய 50 ஓம் கேபிளிலும் இதே பி.என்.சி. முனைதான், ஆகவே கேபிள் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் டேப் சுற்றி எண் எழுதிவிடுங்கள்.