மலை இறங்கும் ஜீப்பின் பிரேக்

மாலை நேரம். சக்குபள்ளம் பகுதி ஏலத்தோட்டங்களில் வேலை முடிகிறது. கம்பம் பக்கத்திலிருந்து காலையில் வந்த பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலை இறங்கினால்தான் வீடு. வளைவுக்கு மேல் வளைவு. ஜீப்போ பழையது. ஏறும்போது இஞ்சின் பாடுபடுகிறது. இறங்கும்போது பிரேக் பாடுபடுகிறது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

ஓட்டுநர் மிதியை அழுத்துகிறார். மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் பாய்கிறது. அங்குள்ள வீல் சிலிண்டர் பிரேக் கட்டையைத் தள்ளுகிறது. கட்டை, சுழலும் டிரம்மில் உரசுகிறது. வண்டி நிற்கிறது. பழைய ஜீப்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் வழிதான். ஓர் இடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

மிதி சொல்லும் சேதி

வண்டியைக் கிளப்பும் முன் மிதியை அழுத்தி, அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மிதி நின்றால் நல்லது. மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரங்களின் உள்பக்கத்தையும் குழாய்களையும் பாருங்கள். ஈரம் தெரிகிறதா? அங்கேதான் கோளாறு. எங்கும் ஈரம் இல்லையா? மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம். ஆயில் வெளியே வராமல் உள்ளேயே பின்வாங்குகிறது. “ஆயில் குறையவில்லையே” என்று பலர் ஏமாறுவது இதில்தான்.

மிதி பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்றை எடுக்க வேண்டும். முதல் மிதியில் பள்ளமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்ததும் உறுதியாக நின்றால், கட்டை தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? மறுபக்கச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. அந்தக் கட்டையில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம்.

மலையில் மட்டும் வரும் கோளாறு

காலையில் நன்றாகப் பிடித்த பிரேக், பாதி இறக்கத்தில் கைவிடுகிறது. அடிவாரத்தில் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி பிடிக்கிறது. இது பேய் வேலை அல்ல. சூட்டின் வேலை. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிகிறது. கட்டையின் பிடிப்பும் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சாதாரண பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். நீர் சேர்ந்த பழைய ஆயில் 140 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், கட்டையைத் தள்ளாது. அதனால்தான் 2 ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். திறந்து கிடந்த பாட்டில் ஆயிலை ஊற்றக் கூடாது. அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றவே கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் வழக்கம். அது சரியான வழக்கம். அப்போது இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது, பின்னால் இருப்பவர்களின் உயிரை வைத்து மிச்சம் பிடிப்பது.

நடு இறக்கத்தில் பிரேக் போய்விட்டால் மிதியை விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கியரைக் குறைக்க வேண்டும். கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அப்போதும் நிற்கவில்லையா? பள்ளத்தின் பக்கம் வேண்டாம். மலைச் சரிவின் பக்கம் வண்டியை அணைத்து உரச விட வேண்டும்.

பட்டறையில் டிரம்மைக் கழற்றினால் கறுப்புத் தூள் இருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள். பழைய கட்டைகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வேலை முடிந்ததும் ஆள் ஏற்றாமல், சமதரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைப் பாருங்கள். பிறகு ஒரு சிறு இறக்கத்தில் பாருங்கள். அதன் பிறகே தோட்டத்துக்கு வண்டி போகலாம்.