வேலையை விட்டுட்டு தோட்டமா? முதல்ல இந்த 4 கணக்கைப் போடுங்க!

"ரிசைன் பண்ணிட்டு ஊர்ல ஒரு ஏக்கர் வாங்கி, சாப்பிடுறதை நாமளே விளைவிச்சுக்கலாம்"னு யோசிக்கிறீங்களா? நல்ல ஆசைதான். ஆனா லெட்டர் கொடுக்கும் முன் இதைப் பாருங்க.

1. மிச்சம்: 30% ஸ்லாபில் இருப்பவர் 100 ரூபாய்க்கு காய்கறி வாங்க, வரியும் 4% செஸ்ஸும் போக, சுமார் 145 ரூபாய் சம்பாதிக்கணும். அதாவது, வீட்டுல விளையுற கீரைக்கு மதிப்பு அதிகம் சம்பளம் வரும்போதுதான். அதனால வேலையில் இருக்கும்போதே மாடித் தோட்டத்தை ஆரம்பிங்க.

2. வரி: நம்ம நாட்டு விவசாய நிலத்தில் விளைந்த காய், பழம் விற்ற வருமானத்துக்கு வருமான வரி இல்லை. பால், முட்டை விற்றால் அது வரிக் கணக்கில் வரும். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினா, வரி விகிதத்தைக் கணக்கிட ரெண்டையும் சேர்ப்பாங்க.

3. பி.எஃப்: தொடர்ந்து 5 வருஷ சர்வீஸ் முடியும் முன் வேலையை விட்டு பணத்தை எடுத்தா, வரி உண்டு. பழைய கம்பெனி கணக்கை டிரான்ஸ்ஃபர் பண்ணியிருந்தா அந்த வருஷங்களும் சேரும்.

4. இன்ஷூரன்ஸ்: வேலை போனா கம்பெனியோட குரூப் பாலிசியும் போயிடும். சொந்த பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். அதனால இப்பவே எடுத்துடுங்க.

ஒரு வருஷம் மண், விதை, தண்ணீர் செலவையும், கடையில வாங்காம மிச்சமானதையும் நோட்டுல எழுதி வைங்க. கணக்கு நிக்குதா? அப்புறம் நிலம் பார்க்கலாம்.