பிளேலிஸ்ட்டில் ஏற டிக்கெட் கிடையாது, தெரியுமா?

ஒரு நாளைக்கு எத்தனை புதுப் பாட்டு ஸ்பாட்டிஃபையில் வந்து விழுகிறது தெரியுமா? 2021-லேயே 60,000-க்கு மேல் என்று அந்த நிறுவனமே சொன்னது! கணக்குப் போட்டால் ஒன்றரை விநாடிக்கு ஒரு பாட்டு. இந்த வெள்ளத்தில் லேபிளும் இல்லாமல், சினிமாவும் இல்லாமல், படுக்கையறையில் மைக் வைத்துப் பாடியவரின் பாட்டு ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் எடிட்டர்களின் காதுக்குப் போகுமா? போகும். அதுவும் பைசா செலவில்லாமல்!

2018 ஜூலையில் கலைஞர்களுக்கென்றே ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிட்டார்கள். பாட்டின் வகை, மனநிலை, வாசித்த வாத்தியங்கள், சொந்தப் பாட்டா கவரா என்றெல்லாம் தட்டித் தட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் பாட்டின் கதையைச் சொல்ல ஒரு பெட்டி. அதில் 500 எழுத்துதான் அனுமதி! குடும்ப குரூப்பில் வருகிற காலை வணக்கச் செய்தியே அதைவிட நீளம். “இந்தப் பிளேலிஸ்ட்டில் போடுங்கள்” என்று கேட்க முடியாது. எதில் போடுவது என்பது எடிட்டர் பாடு. ஒரு நேரத்தில் ஒரே பாட்டு. வெளியாகிவிட்ட பாட்டுக்கு இடமே இல்லை! பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ரிலீஸ் செய்து, ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டு முடித்த பிறகு படிவத்தைத் தேடுவார்கள்.

இன்னொரு விஷயம் தெரியுமா? ரிலீஸுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் விண்ணப்பித்துவிட்டால், எடிட்டர் கண்டுகொள்ளாவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் அந்தப் பாட்டு போய்ச் சேரும். அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படுவது வெள்ளிக்கிழமை. ஏன் வெள்ளி? 2015 ஜூலை 10 முதல் உலக இசைத்துறையே புது வெளியீடுகளுக்கு அந்தக் கிழமையைப் பொதுவாக்கிக்கொண்டது. அதற்கு முன் பிரிட்டனுக்குத் திங்கள், அமெரிக்காவுக்குச் செவ்வாய்!

திங்கள்தோறும் 30 பாட்டு பரிமாறும் ‘டிஸ்கவர் வீக்லி’ கதை இதைவிட வேடிக்கை. 2015-ல் அதைச் சோதித்தபோது, கேட்டே இராத பாட்டு மட்டும்தான் வர வேண்டும் என்பது திட்டம். ஒரு பிழையால் ஏற்கெனவே கேட்ட பாட்டுகளும் நுழைந்துவிட்டன. பிழையைத் திருத்தினார்கள், கேட்பது குறைந்துவிட்டது! தெரிந்த முகம் ஒன்றிரண்டு இருந்தால்தான் புது முகத்தை நம்புவோம் போலிருக்கிறது. பிழையைத் திரும்ப உள்ளே விட்டார்கள். உங்கள் பாட்டை யாரோ ஒருவர் தன் சொந்தப் பிளேலிஸ்ட்டில் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார் என்பதையும் இந்தப் பட்டியலைத் தயாரிக்கும் இயந்திரம் கவனித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏற எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? 30 விநாடி. இதை வைத்து வல்ஃப்பெக் என்ற அமெரிக்க இசைக்குழு அடித்த கூத்து இருக்கிறதே! 2014 மார்ச்சில் ‘ஸ்லீப்பிஃபை’ என்று ஓர் ஆல்பம் விட்டார்கள். பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் 30 விநாடிக்குச் சற்று மேல், அத்தனையும் சுத்த மௌனம்! ராத்திரி தூங்கும்போது ஓடவிடுங்கள், வருகிற காசில் டிக்கெட் இல்லாமல் கச்சேரி நடத்துகிறோம் என்றார்கள். ரசிகர்கள் தூங்கித் தூங்கியே சுமார் 20,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்பாட்டிஃபை ஆல்பத்தைத் தூக்கிவிட்டது. சொன்னபடி இலவசக் கச்சேரிகள் நடந்தன.

இப்போது விதி கெடுபிடி. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி இல்லை. சிறு கலைஞர்கள் வயிற்றில் அடிக்கும் விதி என்பது என் கட்சி. இந்த ஆயிரத்தை எட்டத்தான் “காசு கொடுங்கள், பிளேலிஸ்ட்டில் ஏற்றுகிறோம்” என்கிற ஆசாமிகளிடம் ஆள் சிக்குகிறது. அவர்கள் கொண்டுவரும் ‘ரசிகர்’ பெரும்பாலும் தானாகப் பாட்டை ஓடவிடும் ‘பாட்’ மென்பொருள். கண்டுபிடிபட்டால் ராயல்டி போகும், பாட்டே நீக்கப்படலாம், அபராதம் உங்கள் பாட்டை ஸ்பாட்டிஃபையில் கொண்டுசேர்த்த டிஸ்ட்ரிப்யூட்டர் தலையில் விழும். அவர் அதை உங்கள் கணக்கில் கழிப்பார். பிளேலிஸ்ட்டில் ஏற்றிய ஆசாமியின் நம்பரோ ஸ்விட்ச் ஆஃப்!