சமவெளியும் சைக்கிளும்

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் மலைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். நீலகிரியையும் குற்றாலத்தையும் வர்ணிப்பதற்குத் தமிழில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. சமவெளி என்றால் மட்டும், "எங்கு நோக்கினும் பொட்டல்" என்று ஒரே வரியில் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். ரயிலிலும் மோட்டாரிலும் செல்வோருக்கு அப்படித்தான் தோன்றும். சைக்கிளில் செல்பவருடைய அபிப்பிராயம் வேறு. மலையில் ஏறும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது முன் சக்கரம் ஒன்றுதான். இறங்கும்போது அவர் கருத்தெல்லாம் பிரேக்கின்மேல் இருக்கும். சமவெளியிலோ கால்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக் கொள்ள, கண்ணும் மனமும் விடுமுறை பெறுகின்றன.

அத்தகைய சமவெளி ஒன்று புதுக்கோட்டைச் சீமையில், குளத்தூரில் தொடங்கிக் கிழக்குக் கடல் வரையில் விரிந்து கிடக்கிறது.

குளத்தூரிலிருந்து கடலுக்கு

பெயரிலேயே குளத்தை வைத்துக் கொண்டிருக்கும் இவ்வூர் கீரனூரை அடுத்தது. 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தொண்டைமான்களின் ஒரு கிளையினர் இங்கே தனியாக ஆண்டனர். பின்னர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலூகாக்களுள் ஒன்றுக்குக் குளத்தூர் என்பது பெயராயிற்று. அந்தச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1948-ம் வருஷம் மார்ச் மாதம் 3-ம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவில் அடங்கியது. 1974-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ம் தேதி புதுக்கோட்டை தனி ஜில்லாவானபோது, தஞ்சை ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிப் பக்கத்துக் கடற்கரையும் இதனுடன் வந்து சேர்ந்தது. ஆகவே, குளத்தூர்க்காரர் தம் சொந்த ஜில்லாவிலேயே சமுத்திர ஸ்நானம் செய்யும் பாக்கியம் பெற்றது அந்த வருஷத்துப் பொங்கலன்றுதான்!

குளத்தூரை விட்டுத் தெற்கே மிதித்தால் நார்த்தாமலைக் குன்றுகள் நம்முடன் சிறிது தூரம் வருகின்றன. விஜயாலய சோழீச்சுரம் அங்கே பாறையின்மேல் நிற்கிறது. பிறகு செம்மண்ணும் கண்மாய்களுமாக வழி நீள்கிறது. ஒரு கண்மாயின் கலிங்கு கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்த கண்மாயின் கரை தென்படும். புதுக்கோட்டை நகரத்தைத் தாண்டி அறந்தாங்கியை அணுகினால் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்கள் வருகின்றன. குளத்தூரிலிருந்து கடற்கரை ஐம்பது அறுபது மைல் தொலைவு இருக்கும். இத்தனை தூரத்துக்கும் நிலம் தாழ்வது சுமார் நூறு மீட்டர்தான். அதைக் கண் அறியாது; கால் மட்டும் அறியும்.

அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே ஆவுடையார்கோயில் இருக்கிறது. திருப்பெருந்துறை என்பது இதன் பழம்பெயர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னுடன் புறப்பட்டு வந்த மாணிக்கவாசகர், குதிரை வாங்காமல் குருவின் திருவடியை வாங்கிக்கொண்ட ஸ்தலம் இது. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய கரை அல்லவா? இரும்புக் குதிரைமேல் வருகிற நாமும் இங்கே சற்று இறங்கி, மரத்தில் செய்தாற்போல் கல்லில் செய்திருக்கும் கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவதே முறை.

காற்றே மலை

சமவெளியில் சைக்கிள் விடுவது சுலபம் என்று எண்ணுபவர் காற்றை மறந்துவிடுகிறார். மலைநாட்டில் மேடு ஒரே இடத்தில் இருக்கும். கடலோரத்து மேடோ வேளைக்கு வேளை இடம் மாறும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது கொடுக்கும் தடை நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரம். மணிக்குப் பன்னிரண்டு மைல் செல்பவரை அதே வேகமுள்ள எதிர்காற்று வந்து தாக்கினால், காற்றில்லாத நாளைக் காட்டிலும் நான்கு மடங்கு தடையை அவர் நெஞ்சில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் பெயரிட்டனர். பள்ளிக்கூடத்தில் இப்பெயர்களை நெட்டுருப் போடும் பையன்கள் ஒரு நாள் இந்தச் சாலையில் சைக்கிள் விட்டால் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். பிற்பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வலுத்து வீசும். ஆகையால் காலையில் கடலுக்குப் போய், பிற்பகலில் உள்நாடு திரும்புகிறவனுக்கு இரு வேளையும் காற்றே துணை. மாறிச் செய்பவனுக்கு இரு வேளையும் அதுவே பகை.

காற்றைப் பற்றி இன்னொரு ரகசியமும் உண்டு. முன்னே ஒருவர் சென்றால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்குத் தடை வெகுவாகக் குறைகிறது. பந்தயக்காரர்கள் முறை வைத்து முன்னே செல்வது இதனால்தான். தனியாகச் செல்பவனைத் தள்ளாடச் செய்யும் காற்று, கூட்டமாகச் செல்பவர்களிடம் தோற்றுப் போகிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

உப்பங்கழியின் ஓரத்தில்

கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கரையோரம் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பாக் நீரிணைக் கடல் ஆழமற்றது. அலை அடங்கி ஏரிபோல் கிடப்பது. தெற்கு வெள்ளாறு மணமேல்குடிக்கு அருகில் ஓசையின்றி இதில் கலக்கிறது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வடகிழக்கே செல்கிறது. இந்த வழியில் மேடு என்று சொல்லத்தக்கவை பாலங்களே. பாலத்தின்மேல் ஏறினால் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் சேறும் நீரும் வானமும்.

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ம் தேதி வீசிய கஜா புயல் இந்தத் தோப்புகளில் எண்ணிறந்த தென்னைகளை வேரோடு சாய்த்தது. தென்னை வைத்தவன் அதைப் பிள்ளையாகவே எண்ணுகிறவன். அன்று அவன் வீட்டில் எத்தனை பிள்ளைகள் இறந்தனர் என்று கணக்கிட்டால்தான் அந்தத் துயரம் விளங்கும்.

மல்லிப்பட்டினத்துக்கு அருகில், 1814–15-ல் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா நிற்கிறது. ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதற்குத் தஞ்சைக் கடற்கரையில் ஸ்தம்பம்! அதைக் கடந்து, அதிராம்பட்டினத்து உப்பளங்களையும் கடந்தால் முத்துப்பேட்டை வருகிறது. சாலை இங்கே நம்மைக் கைவிடுகிறது. இனிப் படகில்தான் போகவேண்டும். காவேரியின் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் கடலோடு கைகோக்கும் இவ்விடத்தில், தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு பரந்திருக்கிறது. அக்காட்டுக்கு அப்பால் உப்பங்கழி தகடுபோல் விரிகிறது. சேற்றுக்குள் காற்றுக் கிடைக்காமையால், அலையாத்தி மரங்கள் பென்சிலைப் போன்ற மூச்சு வேர்களை ஆயிரக்கணக்கில் மேலே நீட்டிக் கொண்டு நிற்கின்றன. மாரிக்காலத்தில் தூரதேசத்துப் பறவைகள் இங்கே வந்து தங்குகின்றன. நிலம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இவ்விடத்தைக் கண்டபின், சமவெளியைப் பொட்டல் என்று கூற யாருக்கும் நா எழாது.

சமவெளி யாருக்கு?

இந்த இன்பமெல்லாம் வெகுகாலம் நாட்டில் பாதிப் பேருக்கே உரியதாயிருந்தது.

இன்று நாம் காணும் சைக்கிளின் வடிவம் 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த வண்டியோடு அமைந்துவிட்டது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தார். பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறெதைக் காட்டிலும் சைக்கிளே அதிகம் உதவியிருக்கிறது என்று, அமெரிக்க மாதர் வாக்குரிமைத் தலைவியான சூசன் அந்தோணி அம்மையார் 1896-லேயே சொல்லிவிட்டார். நம் நாட்டிலும் 1949-ல் டி. ஐ. சைக்கிள் கம்பெனி ஏற்பட்டு, அம்பத்தூரில் சைக்கிள்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஆயினும் புதுக்கோட்டைக் கிராமங்களில் ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் ஊர் சிரித்தது. சட்டம் தடுக்கவில்லை, மலை தடுக்கவில்லை. நிலம் சமமாகத்தான் இருந்தது. ஊர்தான் சமமாக இல்லை.

1991-ல் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறியாதவர்களுக்கு எழுத்தறிவிப்பதே அதன் நோக்கம். அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் பாடமாக்கினார். ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லும் பெண்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தால் இயக்கம் நடக்குமா? சைக்கிள் வாங்குவதற்குப் பாங்குகள் கடன் கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. 1992-ல் சர்வதேச மகளிர் தினத்தை அடுத்து, கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக் கொண்டு, 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிள் ஊர்வலம் வந்தனர். பின்னர் ஒரே வாரத்தில் 70,000-க்கு அதிகமான பெண்கள் அறிவொளி நடத்திய போட்டிகளில் தங்கள் திறமையைக் காட்டினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

குடுமியான்மலைப் பக்கத்தில் கல்லுடைக்கும் பெண்களும், வயலில் கூலி வேலை செய்யும் பெண்களும், கிராம நர்சுகளும், அங்கன்வாடி ஊழியர்களும் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் ஏறும் சைக்கிள் கடையில் கிடைக்காமற் போகவே, பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அதில் கண்ட லாபம்! காரியரில் தாயாரோ தண்ணீர்க் குடமோ இருக்கும். விளைபொருளை ஒரு சந்தைக்குப் பதிலாக நாலு ஊரில் விற்று, அந்தி சாய்வதற்குள் வீடு திரும்ப முடிந்தது. அதற்கு முன்னால் புருஷனையோ பஸ்ஸையோ எதிர்பார்த்தே அவர்கள் பொழுது போயிற்று.

காற்றைப் பற்றி மேலே சொன்னதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவர்களுக்கு எதிரே வீசிய காற்று கேலிப் பேச்சு. தனியாகச் சென்ற ஒருத்தியை அது தள்ளிவிட்டிருக்கும். ஆயிரத்தைந்நூறு பேரை அதனால் என்ன செய்ய முடியும்? முன்னே சென்றவர்கள் அதைத் தாங்கிக் கொண்டனர். பின்னே வந்தவர்களுக்கு வழி எளிதாயிற்று.

இன்று தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. பீஹாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புச் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. அதைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் தொகை 32 சதவிகிதம் உயர்ந்திருக்கக் கண்டனர். பள்ளிக்கூடம் தொலைவில் இருந்த ஊர்களிலேதான் பலன் அதிகம்.

இவை எல்லாம் மகிழத்தக்கவை. எனினும், ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒரு குறை தெரிகிறது. பெண் பள்ளிக்கூடம் போகச் சைக்கிள் விடுகிறாள். சந்தைக்குப் போக விடுகிறாள். தண்ணீர் கொண்டுவர விடுகிறாள். விடுமுறை நாளில் கடலைப் பார்த்து வருவதற்காகச் சைக்கிள் எடுப்பவன் பையனாகவே இருக்கிறான். படிப்பு முடிந்ததும் அவளுடைய சைக்கிள் தாழ்வாரத்தில் துருப்பிடிக்கிறது. வேலைக்காக மட்டும் ஒருத்திக்குச் சாலையைத் திறந்துவிட்டு, உல்லாசத்துக்கு அதை மூடிவைப்பது பாதி நியாயந்தான்.

தை மாதத்தில் கண்மாய்கள் நிரம்பியிருக்கும். வெயில் கொடுமை இராது. உப்பங்கழியில் பறவைகளும் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் தங்கள் பெண்களிடம் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்து, நாலைந்து தோழிகளாகச் சேர்த்து, ஆவுடையார்கோயிலுக்கோ மணமேல்குடிக்கோ ஒரு முறை அனுப்பி வைக்கட்டும். கையில் தண்ணீரும் கட்டுச்சோறும் இருந்தால் போதும். விடியுமுன் புறப்படும்படி மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். காற்று அப்போதுதான் கடலை நோக்கி வீசும்.