வரம்பில் நண்டு: கடலோர நண்டும் வயல் நண்டும்

களப்போரத்திலும் கடலோரத்திலும் நெற்காணி வைத்திருக்கும் கமக்காரர் பலர், தமது வரம்பைத் துளைத்து நாற்றை வெட்டும் நண்டு கடலிலிருந்து ஏறி வந்ததென்றே எண்ணுகின்றனர். ஒரு பெரும்போகத்தில் யான் பார்க்கச் சென்ற காணியொன்றில், முதிய கமக்காரர் ஒருவர் களப்பை நோக்கிய வெளிக்கரையிலிருந்த வளைகளையெல்லாம் ஒரு வாரமாகச் சுண்ணாம்பிட்டு அடைத்துக்கொண்டிருந்தார். அதே வேளையில் அவருடைய உள்வரம்புகளினூடாக நீர் வடிந்துகொண்டிருந்தது. நாற்றும் நாள்தோறும் குறைந்துகொண்டிருந்தது. “எல்லாம் ஒரு சாதி நண்டுதானே, தம்பி” என்றார். அவ்வாறன்று. இவை இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. வாழும் முறையும் வேறு, ஆதலால் தடுக்கும் முறையும் வேறு.

எல்லா நண்டுக்கும் பொதுவான சில இயல்புகளை முதலில் அறிதல் நன்று. நண்டுக்குக் கால்கள் 10. முன்னிரண்டும் கவ்வும் கொடுக்குகளாக மாறியுள்ளன. உடலை மூடிய ஓடு வளர்வதில்லை. ஆகவே உடல் பெருக்கும்போது நண்டு பழைய ஓட்டைப் பின்புறமாகப் பிளந்துகொண்டு வெளியேறுகின்றது. புதிய ஓடு இறுகும்வரை அது மெழுகுபோல் மென்மையாயிருக்கும். அந்நாட்களில் பறவைக்கும் மீனுக்கும் அஞ்சி வளையை விட்டு வெளிவராது. எதிரியிடம் அகப்பட்ட காலைத் தானே முறித்துவிட்டு ஓடுவதும் உண்டு. இழந்த கால் அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது மீண்டும் முளைக்கும். எனவே கொடுக்கை மட்டும் ஒடித்து நண்டை வயலில் எறிந்துவிடுவதாற் பயனில்லை.

நண்டு மீனைப்போலச் செவுளாற் சுவாசிப்பது. செவுள் ஓட்டின் இருபக்க அறைகளுள் உள்ளது. அது ஈரமாயிருக்கும்வரை நண்டு தரையிலும் வாழும். கரையோர நண்டுகளின் நடத்தை பெரும்பாலும் இந்த ஈரத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. மணற்கரையில் மாலையிலும் இரவிலும் காற்றைப்போல் விரைந்தோடும் வெளிறிய நண்டைப் பாருங்கள். பகல் வெயிலில் அது ஈரமணலை எட்டும் ஆழமான வளையுள் தங்கும். கால்களின் அடியிலுள்ள மயிர்க்கற்றைகளால் மணலின் ஈரத்தை உறிஞ்சிச் செவுளை நனைத்துக்கொள்ளும். கரையொதுங்கிய செத்த மீன், மட்டி, ஆமைக்குஞ்சு ஆகியன அதன் உணவு. நெற்பயிரில் அதற்கு நாட்டமில்லை.

களப்புச் சேற்றில் கூட்டங்கூட்டமாய் வாழும் சிறு நண்டொன்று உண்டு. அதன் ஆணுக்கு ஒரு கொடுக்கு மிகப் பெரிது. சிலவற்றில் வலப்புறம், சிலவற்றில் இடப்புறம். அந்தப் பெருங்கையை உயர்த்தி வீசிப் பெண்ணை அழைக்கும்; வேற்று ஆணை விரட்டவும் அதுவே கருவி. உண்பதற்கு அது உதவாது. ஆகையால் பெண் இரு கைகளாலும் உண்ணும்போது ஆண் ஒரு சிறு கையாலேயே சேற்றை அள்ளி வாயிலிடும். சேற்றிலுள்ள நுண்ணிய பாசியையும் மக்கலையும் வாயுறுப்புகளால் சலித்தெடுத்து, எஞ்சிய மண்ணைச் சிறு உருண்டைகளாக வெளியே வைக்கும். நீர் ஏறும்போது வளையின் வாயைச் சேற்றால் அடைத்து உள்ளே இருக்கும். இத்தகைய வளைகளின் வழியே காற்றும் நீரும் கண்டல் மரங்களின் வேர்வரை செல்கின்றன. இவ்வினத்தை அழிப்பது கமக்காரருக்கு எவ்வகையிலும் ஊதியம் தராது.

இரு பிரிவுகளுக்குமுள்ள பெரும் வேற்றுமை இனப்பெருக்கத்திலேயே காணப்படுகின்றது. கரையோர நண்டின் குஞ்சுகள் உவர்நீரிலேயே வளர வேண்டும். சந்தையில் நல்ல விலைபோகும் பெரிய சேற்று நண்டின் பெண், முட்டையிடும் காலத்தில் களப்பை விட்டுக் கடலுக்குச் செல்லும். அது சுமக்கும் முட்டைகள் இலட்சக்கணக்கானவை. பொரித்து வரும் குஞ்சு நண்டின் வடிவமே இல்லாத, மிதந்து திரியும் நுண்ணுயிர். 5 பருவங்களைக் கடந்து, பின்னும் ஓர் இடைப்பருவம் கழிந்த பின்னரே நண்டாகும். பெரும்பகுதி மீனுக்கு இரையாகும். நன்னீர் நிற்கும் உங்கள் வயலில் இக்குஞ்சு பிழைக்க மாட்டாது.

வயல் நண்டோ கடலையே அறியாதது. இலங்கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட நன்னீர் நண்டினங்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லாமே வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. மலையருவிகளில் வாழும் சில இனங்கள் அருகியும் வருகின்றன. அவற்றால் பயிருக்குக் கேடில்லை. தாழ்நிலத்து வயல் நண்டு பெரிய முட்டைகளைச் சில நூறாக மட்டுமே இட்டு வயிற்று மடலின்கீழ் சுமக்கும். முட்டைக்குள்ளேயே எல்லாப் பருவமும் முடிந்து, குஞ்சு முழு நண்டாகவே வெளிவரும். அதன்பின்னும் சில நாள் தாயின் வயிற்றைப் பற்றியிருந்தே பிரியும். நண்டைப் புரட்டிப் பார்த்தால் ஆணின் வயிற்று மடல் ஒடுங்கியும் பெண்ணினது அகன்று வட்டமாயும் இருக்கும். மடலின்கீழ் முட்டையோ குஞ்சோ உள்ள ஒரு பெண்ணைப் பிடித்தால் அவ்வளவும் வயலினின்று நீங்கும். கடலோர நண்டு ஆயிரத்தைப் பிடித்தாலும் உங்கள் வயலில் ஒன்றுகூடக் குறையாது.

கோடையில் வயல் வறண்டதும் இந்நண்டு வரம்பினடியில் ஈரம் காணும்வரை துளைத்து, வாயை அடைத்துக் கிடக்கும். மழை பெய்ததும் வெளிவரும். அப்போது வயலில் இருப்பது இளநாற்று, தண்டு மென்மையானது. அதனை நீர்மட்டத்தருகே வெட்டி வளைக்கு இழுத்துச் செல்லும். பயிர் கிளைத்துத் தண்டு தடித்தபின் இச்சேதம் தானாகவே குறைந்துவிடும். ஆகவே முயற்சி முழுவதும் நிலம் பண்படுத்தும் காலத்திலும் நட்ட முதற் கிழமைகளிலும் இருத்தல் வேண்டும். வரம்பைச் செதுக்கி வளைகளைத் திறந்து, நண்டைப் பிடித்தபின் சேறு பூசி இறுக்குங்கள். நண்டை உள்ளே விட்டுப் பூசினால் மறுநாளே வேறு வாய் திறக்கும். வரம்போரத்தில் வாயகன்ற பானைகளைச் சேற்றுமட்டத்துக்குப் புதைத்துத் தவிட்டையோ நாறிய மீனையோ இட்டு வைத்தால், இரவில் விழுந்த நண்டுகளைக் காலையில் அள்ளலாம். கொக்கையும் உடும்பையும் விரட்டாதீர்கள். வளைக்குள் நஞ்சு ஊற்றும் வழக்கத்தை அறவே விட வேண்டும். அந்நீர் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் செல்லும். அந்நண்டைப் பிடித்துச் சமைப்பவர் உங்கள் அயலவராகவும் இருக்கலாம்.

கரையோர நண்டால் கமக்காரருக்குக் கேடு வரும் இடம் ஒன்றே: உவர்நீரைத் தடுக்கும் மண்கரை. இருபுறமும் தொட்டுவிட்ட ஒரு வளை போதும், களப்பு நீர் உட்புகுந்துவிடும். நெல் நாற்றுப்பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்குவது அரிது. கடல்நீர் ஏறியிறங்கும் இடங்களில் அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் நீர் உயர்ந்து ஏறும். அந்நாட்களில் கரையின் உட்பக்கத்தைச் சுற்றி நடந்து, ஈரம் கசியும் இடமெல்லாம் ஒவ்வொரு தடி நட்டு அடையாளமிடுங்கள். நீர் இறங்கியபின் அவ்விடத்தை வளையின் அடிவரை வெட்டி, களிமண்ணைச் சிறிது சிறிதாக இட்டு இடித்து இறுக்குங்கள். மேல்வாயை மட்டும் அடைத்துவிட்டு வராதீர்கள்.