நிலத்துக்கு உரியவர் மறைந்தால் இறப்புச் சான்றிதழ் பெறும் முறை

குடும்பத் தலைவர் காலமான பின், விவசாயக் குடும்பம் செய்ய வேண்டிய முதல் அலுவலகப் பணி இறப்பைப் பதிவு செய்வதாகும். பட்டா மாற்றம், கூட்டுறவுக் கடன், காப்பீட்டுத் தொகை, பம்புசெட் மின் இணைப்பின் பெயர் மாற்றம், வங்கிச் சேமிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படும் ஆவணம் இறப்புச் சான்றிதழே. உரிய காலத்தில் கேட்டால் அது கட்டணமின்றிக் கைக்கு வரும். காலம் கடந்தால் அதே சான்றிதழுக்கு அலைச்சலும் செலவும் கூடும். முற்றிய நாற்றை நடுவதைப் போன்றதுதான் இது. பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் இழந்த தூர்கள் திரும்ப வருவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கெனத் தனிச் சட்டம் 1899ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ளது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். 2023ஆம் ஆண்டில் இதில் செய்யப்பட்ட திருத்தங்கள் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

ஒரு காலத்தில் கிராம முன்சீப்பிடம் இப்பதிவேடு இருந்தது. 1980ஆம் ஆண்டில் பரம்பரை கிராம அலுவலர் முறை ஒழிக்கப்பட்ட பின், கிராம நிர்வாக அலுவலர்கள் இப்பொறுப்பை ஏற்றனர். ஆகவே கிராமத்தில், வீட்டில் நேர்ந்த இறப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் அந்தந்த அலுவலகத்தை அணுக வேண்டும்.

எங்கே பதிவு செய்வது?

பலர் தவறுவது இங்கேதான். இறந்தவர் குடியிருந்த ஊரில் அன்று, இறப்பு நேர்ந்த ஊரில்தான் பதிவு செய்யப்படும். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் தஞ்சாவூர் நகரத்து மருத்துவமனையில் இறந்தால், பதிவு தஞ்சாவூர் மாநகராட்சியில்தான் இருக்கும். சொந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் எத்தனை முறை கேட்டாலும் கிடைக்காது.

மருத்துவமனையில் நேர்ந்த இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு மருத்துவமனையைச் சார்ந்தது. எனினும் குடும்பத்தார் வாளாவிருத்தல் ஆகாது. உடலைப் பெற்றுக்கொள்ளும்போதே, தகவல் எந்தப் பதிவாளருக்கு அனுப்பப்படும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இறந்தவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி ஆகியவற்றை ஆதார் அட்டையைப் பார்த்து எழுதும்படியும் வேண்டிக்கொள்ள வேண்டும். துயரத்தில் இருக்கும் உறவினர் வாய்மொழியாகச் சொன்ன பெயர் அப்படியே பதிவாகி, பிறகு பட்டாவில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாமல் தொல்லை தருவது உண்டு.

வீட்டில் நேர்ந்த இறப்பைத் தெரிவிக்க வேண்டியவர் குடும்பத் தலைவர். இறந்தவரே தலைவராக இருந்தால், வீட்டில் உள்ள நெருங்கிய உறவினரோ, மூத்த ஆணோ பெண்ணோ தெரிவிக்கலாம். இதற்கான படிவம் 2ஐப் பதிவாளரிடம் பெறலாம். கடைசி நோயின்போது மருத்துவர் பார்த்திருந்தால், இறப்புக்கான காரணத்தை அவர் கட்டணமின்றிச் சான்றளிக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவரே பார்க்காவிட்டாலும் பதிவு நிற்காது. மருத்துவ உதவி பெறவில்லை என்று குறிக்கவும் அப்படிவத்தில் இடம் உண்டு.

நான்கு காலக் கெடுக்கள்

1. இறந்த 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. பதிவு முடிந்த 7 நாட்களுக்குள், தகவல் தந்தவருக்கு ஒரு சான்றிதழை இலவசமாக வழங்க வேண்டும் என்று திருத்தச் சட்டம் கூறுகிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்களுக்கு, அதன்பின் ஐந்து நாட்களே எஞ்சும் என்பதை மறக்கலாகாது.

2. 21 நாட்களுக்கு மேல் 30 நாட்களுக்குள் தெரிவித்தால் தாமதக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம்.

3. 30 நாட்களுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால், விதிகளில் குறிப்பிட்ட மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி தேவை. அவர் யார் என்பதைப் பதிவாளரிடமே கேட்டறியலாம்.

4. ஓராண்டு கடந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து ஆணை பிறப்பித்த பிறகே பதிவு செய்ய முடியும். முன்பு இதற்கு நீதித்துறை நடுவரை நாட வேண்டியிருந்தது.

தாத்தா பெயரில் நிற்கும் பட்டா

பல கிராமங்களில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே உள்ளது. அவர் இறந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். சான்றிதழ் இல்லை என்றதும் பதிவே ஆகவில்லை என்று முடிவு செய்துவிடலாகாது. பழைய ஆண்டுகளின் பதிவேடுகள் வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். ஆகையால், இறந்த ஆண்டு, ஏறத்தாழ மாதம், ஊர் ஆகியவற்றைக் குறித்து, முதலில் தேடுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள் நினைவில் இல்லாவிடில், திதி கொடுக்கும் மாதம், கருமாதிப் பத்திரிகை, கல்லறைக் கல், குடும்பத்தில் அவ்வாண்டு நடந்த திருமணம் அல்லது பிறப்பு ஆகியவை ஆண்டைக் கண்டறிய உதவும்.

பதிவு இருந்தால் அதன் நகல் கிடைக்கும். பதிவு இல்லை என்றால் அதையும் எழுத்தில் சான்றாகக் கேட்டுப் பெற வேண்டும். படிவம் 10இல் வழங்கப்படும் அந்த இன்மைச் சான்றிதழ்தான் கோட்டாட்சியரிடம் செய்யும் மனுவுக்கு அடிப்படை. அதனுடன் இறப்பை அறிந்த ஊரார் வாக்குமூலம், விண்ணப்பதாரரின் அடையாள ஆவணம், கையிலுள்ள பழைய ஆவணங்கள் ஆகியவற்றை இணைக்கலாம்.

தேதி ஏன் முக்கியம்?

யார் முதலில் இறந்தார் என்பதைப் பொறுத்து வாரிசுகளே மாறக்கூடும். தந்தையின் சொந்தச் சம்பாத்திய நிலத்தை எடுத்துக்கொள்வோம். உயில் எழுதாமல் அவர் காலமாகிறார். அவருக்கு முன்பே மகன் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுடைய பங்கு அவன் மனைவி மக்களுக்குச் சேரும். மாறாக, தந்தை முதலில் இறந்து, பங்கு பெற்ற மகன் பிறகு இறந்தால், அப்பங்கில் அவன் மனைவி மக்களோடு அவன் தாய்க்கும் உரிமை உண்டு. ஆகவே தோராயமாக ஒரு தேதியைச் சொல்லிப் பதிவு செய்வது பின்னால் பங்காளி வழக்குக்கு வித்திடும். மகள்களும் மகன்களைப் போன்றே வாரிசுகள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

விபத்தில் இறந்தால்

பாம்புக்கடி, மின்னல், பம்புசெட்டில் மின் அதிர்ச்சி, கிணற்றில் தவறி விழுதல், பூச்சிமருந்து நஞ்சு ஆகியவை வயல்வெளியில் நேரும் இறப்புகள். இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் குறிப்பிடப்படுவதில்லை. குறிப்பிடக்கூடாது என்பதே சட்டம். ஆதலால் விபத்துக் காப்பீடு கோருவோருக்குச் சான்றிதழ் மட்டும் போதாது. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் பெற வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு முக்கியச் சான்றாகும். "எப்படியும் உயிர் போய்விட்டது, போலீசுக்குச் சொல்வானேன்" என்று அவசரமாக எரியூட்டிவிட்டால், பிறகு காரணத்தை நிறுவ வழியிருக்காது.

இறந்தவரின் வங்கிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதும் நலம். மே மாத வாக்கில் ரூ.436 பிடிக்கப்பட்டிருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டிலும், ரூ.20 பிடிக்கப்பட்டிருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டிலும் சேர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் இழப்பீடு ரூ.2 லட்சம். தாமதமின்றி அந்த வங்கிக் கிளையை அணுக வேண்டும். நன்செய் இரண்டரை ஏக்கர் அல்லது புன்செய் ஐந்து ஏக்கருக்கு மேற்படாத சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட உதவி பற்றி வருவாய்த் துறையிடம் விசாரிக்கலாம்.

சான்றிதழ் கிடைத்த பின்

முதலில் பெயர், தந்தை பெயர், தேதி, ஊர் ஆகியவற்றைப் பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். பட்டாவில் "கந்தன்" என்றும் ஆதாரில் "கந்தசாமி" என்றும் இருக்கலாம். பதிவில் எழுத்துப் பிழை இருந்தால், சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் ஆதாரத்துடன் மனுச் செய்து திருத்தலாம். பல அலுவலகங்களில் கேட்பார்களாதலால் கூடுதல் நகல்களைத் தொடக்கத்திலேயே பெற்று வைப்பது சிக்கனம்.

அடுத்து, இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பித்து வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும். இவ்விரண்டையும் கொண்டு பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்யலாம். பாகப்பிரிவினை ஆகாத நிலையில் வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வழங்கப்படும். பட்டா பெயர் மாறினால்தான் புதிய பயிர்க் கடனும் பயிர்க் காப்பீடும் தடையின்றிக் கிடைக்கும்.

பிரதமரின் கிசான் உதவித் தொகை, ஆண்டுக்கு ரூ.6,000, இறந்தவரின் கணக்கில் தொடர்ந்து வந்தால் அதை எடுத்துச் செலவிடலாகாது; திருப்பிச் செலுத்த நேரிடும். 1.2.2019க்குப் பின் நில உரிமை பெற்றவர்களுக்கு இத்திட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. ஆனால் உரிமையாளர் இறந்ததால் வாரிசாக நிலம் பெற்றவர்களுக்கு அத்தடை இல்லை. அதை மெய்ப்பிப்பதும் இறப்புச் சான்றிதழே.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

பதிவு இறப்பு நேர்ந்த ஊரில். கெடு 21 நாட்கள். முதல் நகல் இலவசம். பெயர் ஆதாரிலும் பட்டாவிலும் உள்ளபடி. விபத்தானால் காவல் நிலையப் பதிவும் பிரேதப் பரிசோதனையும். கணவரை இழந்த பெண்ணே பல வீடுகளில் அந்தப் போகத்தின் சாகுபடியையும் தாங்க வேண்டியவராகிறார். அவரைத் தனியே அலுவலகங்களுக்கு அலைய விடாமல், காரியத்துக்கு வந்த உறவினரில் படித்த ஒருவர் அந்த மூன்று வாரங்களுக்குள் பதிவாளரிடம் சென்று வந்தால், அக்குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இராது.