ஒரு வரிக் கணக்கு



சென்ற ஆண்டுக் கணக்கைப் புரட்டிய ஒரு சபை மூப்பர், "சர்வர் கண்காணிப்பு என்று ஒரு வரி இருக்கிறதே, அது வாட்ச்மேன் சம்பளமா தம்பி?" என்று எங்களைக் கேட்டார். சிரித்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். ஆகவே இம்மாதம் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

நோயாளியின் ஓ.பி. எண், இரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே படம், மருந்தக இருப்பு ஆகிய யாவும் இன்று சர்வர் எனப்படும் சில பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. வார்டில் உள்ள கம்ப்யூட்டர்கள் கேட்பதை அவை எடுத்துக் கொடுக்கும். எங்களிடம் இருப்பவை விண்டோஸில் ஓடுபவை.

ஒரு ஞாயிறு இரவு, பிரசவ வார்டு சிஸ்டர் ஒரு தாயின் இரத்தப் பரிசோதனை முடிவைத் தேடினார். திரை அசையவில்லை. லேப் உதவியாளர் முடிவைத் தாளில் எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினார். தாயும் பிள்ளையும் நலம். காலையில் பார்த்தபோது காரணம் அற்பமாக இருந்தது: சர்வரின் டிஸ்க்கில் இடமில்லை. தினசரி பேக்கப் மூன்று வாரமாக நடக்கவில்லை. அது நடந்தால்தான் லாக் கோப்பில் சேர்ந்தவை கழியும். நடக்காததால் கோப்பு வளர்ந்து டிஸ்க்கையே நிரப்பிவிட்டது. பேக்கப் தவறியதை விண்டோஸ் ஒவ்வோர் இரவும் தன் ஈவென்ட் லாக்கில் எழுதியே வைத்திருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

தொலைக் கண்காணிப்பு என்பது இந்தப் படிக்கிற வேலைதான். தனியாக வைத்த ஒரு கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் நலம் விசாரிக்கிறது. விழித்திருக்கிறாயா? டிஸ்க்கில் எவ்வளவு இடம்? எந்தச் சேவையாவது நின்றுவிட்டதா? நேற்றைய பேக்கப் முடிந்ததா? இதற்குப் பதில் சொல்ல டபிள்யூ.எம்.ஐ. என்ற வசதி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. நெட்வொர்க் ஸ்விட்ச், யு.பி.எஸ். போன்றவை 1988-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்ற பழைய மொழியில் பேசும். இவ்விரண்டும் தெரிந்த மென்பொருள்களில் ஒன்றான ஆப்மேனேஜர், நம் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரி அருகே வளாகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் தயாரிப்பு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மென்பொருளோடுதான் அந்நிறுவனம் தொடங்கிற்று. 2009-இல் பெயர் மாறியது. மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் உலகம் முழுவதும் விற்கும் ஒரு பொருள் உருவாவது நம்மில் பலருக்குத் தெரியாது.

சர்வரிடம் கேள்வி கேட்க வேண்டுமானால் உள்ளே போக ஒரு சாவி வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்தால் எல்லா அறைகளின் சாவியும் அவன் கையில். ஆகவே அளவுகளையும் ஈவென்ட் லாக்கையும் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை உண்டாக்கினோம். கேள்வி கேட்கும் கதவையும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே திறந்து வைத்தோம். இதற்கு முழுதாக இரண்டு நாள் பிடித்தது.

இது மிகையான பயமல்ல. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களில் 2021 நவம்பர் 9 அன்று நுழைந்தவர்கள், 2022 ஜனவரி 18 வரை, அதாவது 70 நாள், யாருக்கும் தெரியாமல் உள்ளே இருந்தார்கள். போரிலும் பேரிடரிலும் உறவுகளைப் பிரிந்தவர்கள் உட்பட 5,15,000-க்கும் அதிகமானவர்களின் விவரங்கள் அங்கே இருந்தன. அவர்கள் புகுந்த ஓட்டை, மேலே சொன்ன நிறுவனத்தின் பாஸ்வேர்டு மென்பொருள் ஒன்றில் இருந்தது. அதை அடைக்கும் திருத்தம் செப்டம்பரிலேயே வெளிவந்திருந்தும் உரிய காலத்தில் போடப்படவில்லை என்று செஞ்சிலுவைக் குழுவே வெளிப்படையாகச் சொன்னது. ஆகவே காவல் காக்கும் மென்பொருளுக்கும் மாதந்தோறும் திருத்தம் போடுகிறோம். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்கள் முடக்கப்பட்டு, பல நாள் சீட்டு எழுதி வேலை நடந்ததை நீங்களும் செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள்.

முதல் வாரம் ஒரே இரைச்சல். பேக்கப் ஓடும் நேரத்தில் பிராசஸர் சிறிது ஏறினாலும் எச்சரிக்கை வந்தது. ஓர் இரவில் நாற்பது எஸ்.எம்.எஸ். வந்தால் நாற்பத்தொன்றாவதை யார் படிப்பார்? இப்போது மூன்று முறை தொடர்ந்து கேட்டும் நிலைமை மாறாவிட்டால்தான் செய்தி போகும். டிஸ்க்கில் கால் பங்கு இடம் மீதியிருந்தால் காலையில் மின்னஞ்சல். பத்தில் ஒரு பங்கானால் உடனே எஸ்.எம்.எஸ்.

இன்னொன்றை 2015 வெள்ளம் நினைவூட்டுகிறது. அந்த டிசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீர். கரண்ட் போனால், அதே கட்டடத்தில் இருக்கும் காவல் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும். அப்போது யார் சொல்வது? ஆகவே அது "நலமாயிருக்கிறேன்" என்று வெளியூரில் உள்ள ஒரு சேவைக்கு ஐந்து நிமிடத்துக்கொரு முறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் நின்றால் அங்கிருந்து எங்களுக்குத் தகவல் வரும். செய்தி வெளியே போகும். அந்த வழியாக எவரும் உள்ளே வர முடியாது.

தீராத குறை ஒன்று உண்டு. எஸ்.எம்.எஸ். வரும் போன் இன்னும் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. சேலையூரில் குடியிருக்கும் அந்தத் தம்பி ஊருக்குப் போகும் வாரங்களில் எங்களுக்குத் தூக்கம் குறைவு. மருந்தகக் கணக்கர் இப்போது மாலை நேரங்களில் அவரிடம் வேலை பழகி வருகிறார்.